இயற்பியலில் ஆய்வுவழி முதுநிலைப் பட்டம்: நிறைவேற்ற வேண்டியவை

இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற இரண்டு வழிகள் உள்ளன. பாடங்களைப் படித்துத் தேர்வெழுதி முடிப்பது ஒரு வழி. ஒரு நெறியாளரின் கீழ் ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, அதைத் தேர்வாளர்கள் முன் விளக்குவது இன்னொரு வழி. பட்டத்தின் பெயர் பல இடங்களில் ஒன்றாகவே இருப்பதால் விதிகளும் ஒன்றுதான் என்று எண்ணி விண்ணப்பிப்போர் உண்டு. அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மதிப்பெண்ணில் அல்ல, நெறியாளர் கிடைப்பதில்தான்.

சேர்க்கைக்கு இயற்பியலிலோ அதை ஒட்டிய துறையிலோ இளநிலைப் பட்டம் வேண்டும். செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்ப இயற்பியல் ஆகிய நான்கையும், அவற்றுக்குத் தேவையான கணித முறைகளையும் விண்ணப்பதாரர் படித்திருக்கிறாரா என்பதே முதலில் பார்க்கப்படும். பொறியியலிலிருந்தோ கணிதத்திலிருந்தோ வருபவருக்கு இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால், அதை ஈடுசெய்யும் பாடத்தை முதலில் முடிக்கும்படி துறை கேட்கலாம். அந்தப் பாடம் பட்டத்துக்குரிய கணக்கில் சேருமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்தது நெறியாளர். பல பல்கலைக்கழகங்களில், எவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாலும், ஒரு பேராசிரியர் உங்களை மாணவராக ஏற்க இசைந்தால் மட்டுமே இடம் கிடைக்கும். வேறு சிலவற்றில் முதல் பருவத்தில் பாடங்களைப் படித்துக்கொண்டே நெறியாளரைத் தேடிக்கொள்ள இடமுண்டு. எழுதும் கடிதம் பொதுவான புகழுரையாக இருந்தால் பதில் வருவது அரிது. அவருடைய அண்மைக் கட்டுரைகளில் ஒன்றிரண்டைப் படித்து, அதில் உங்களைக் கவர்ந்த கேள்வியையும், நிரல் எழுதுதல், மின்னணுச் சுற்று அமைத்தல், வெற்றிடக் கருவிகளைக் கையாளுதல் என உங்களுக்குத் தெரிந்த வேலையையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு: உதவித்தொகை எத்தனை மாதங்களுக்கு உறுதி, கருவியைப் பயன்படுத்த எவ்வளவு நேரம் கிடைக்கும், முன்பிருந்த மாணவர்கள் எவ்வளவு காலத்தில் முடித்தார்கள். இவற்றைக் கேட்கத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோட்பாட்டு ஆய்வில் தாமதத்துக்குப் பெரும்பாலும் கணக்கே காரணமாகும். சோதனை ஆய்விலோ பழுதான ஒரு குளிர்விப்பான் பல மாதங்களை விழுங்கிவிடும்.

பாடங்களின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய முறையில் முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60 மதிப்பலகுகள் (credits). ஒரு மதிப்பலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் இயற்பியல் முதுநிலை பொதுவாக 120 மதிப்பலகுகள் கொண்டது. அதன் இரண்டாம் ஆண்டு முழுவதும் ஆய்வுக்கே ஒதுக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 30 பருவ மதிப்பலகுகளில் ஒரு பகுதி ஆய்வேட்டுக்கு உரியது. பிரிட்டனில் ஆய்வுவழி முதுநிலை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு, அதில் வகுப்புகள் மிகக் குறைவு. அலகுகளே வேறுபடுவதால் எண்களை நேராக ஒப்பிடாமல், ஆய்வுக்கு எத்தனை மாதங்கள் கிடைக்கின்றன என்று பாருங்கள்.

ஆய்வேட்டைப் பற்றித்தான் தவறான அச்சம் அதிகம். முனைவர் பட்டத்தில் எதிர்பார்க்கப்படும் அளவுக்குப் புதிய பங்களிப்பு இங்கே பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. அறியப்பட்ட முறைகளைப் புரிந்து கையாண்டு, வரையறுத்த ஒரு வேலையை முடித்து, முடிவை நேர்மையாக மதிப்பிட உங்களால் இயலும் என்று காட்டினால் போதும். தேடிய விளைவு தென்படாமல் போனாலும், 'இந்த அளவுக்கு மேல் அது இருக்க முடியாது' என்று பிழைவரம்போடு நிறுவினால் அதுவும் முறையான முடிவே. கருவியால் வரும் முறைசார் பிழையையும், அளவீடுகளின் சிதறலால் வரும் புள்ளியியல் பிழையையும் பிரித்துக் கணக்கிடாத ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் சிக்கிக்கொள்ளும். துகள் இயற்பியல் போல ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து உழைக்கும் துறைகளில், எந்தப் பகுதி உங்கள் கையால் நடந்தது என்பதை ஆய்வேட்டிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் ஆய்வேட்டை அப்படியே ஏற்கலாம், சிறு திருத்தம் கேட்கலாம், அல்லது பெருமளவு மாற்றி மீண்டும் அளிக்கச் சொல்லலாம். கேள்விகள் பெரும்பாலும் அடிப்படையிலிருந்தே எழும். உங்கள் வரைபடத்தின் அச்சில் உள்ள அளவை வரையறுக்கச் சொல்வதுகூட வழக்கம்தான்.

சிறிய விதிகள் சில எஞ்சியுள்ளன. லேசர் அல்லது கதிர்வீச்சு உள்ள ஆய்வகத்தில் நுழையும் முன் பாதுகாப்புப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பட்டத்துக்கு உச்சக் கால வரம்பு இருந்தால், இடைவிடுப்புக் காலமும் அதில் சேர்த்து எண்ணப்படுமா என்று கேட்டறியுங்கள். காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்போ நிறுவனக் கூட்டுறவோ இருந்தால், ஆய்வேட்டைச் சில காலம் வெளியிடாமல் வைக்கும் விண்ணப்பத்தை, அது நூலகத்தில் சேர்க்கப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.