புறா வளர்க்கிறீர்களா? டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்

வட சென்னையில் நெஞ்சக மருத்துவம் பார்ப்பவனுக்குப் புறா புதிதல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் அண்ணாந்து பார்த்தால் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் கூண்டு தெரியும். சாதா, கர்ணம், ஹோமர் என்று வகைக்கு ஒரு கூட்டம், அதற்கேற்ற பந்தயம். கர்ணப் புறா குட்டிக்கரணம் அடிப்பதை வேடிக்கை பார்த்து நானே கிளினிக்குக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு நோயாளியிடம் புறா பற்றிப் பேச எனக்கு ஏழு மாதம் ஆனது.

அவருக்கு நாற்பது சொச்சம் வயது. அச்சகத்தில் பைண்டிங் வேலை. பீடி, சிகரெட் கிடையாது. வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வப்போது காய்ச்சல். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை, சளியில் டிபி கிருமியும் இல்லை. காகிதத் தூசு என்று முடிவுகட்டி ஆஸ்துமா இன்ஹேலர் எழுதினேன். கேட்கவில்லை.

ஒருநாள், "ஊர்த் திருவிழாவுக்குப் போய் பத்து நாள் இருந்தேன் சார், அங்க இருமலே இல்ல" என்றார். வேலைக்கும்தானே போகவில்லை என்று நான் மறுபடியும் காகிதத்திலேயே நிற்க, கூட வந்திருந்த மனைவி குறுக்கிட்டார்: "லீவு நாள்லதான் சார் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை காலைல கூண்டு கழுவுவாரு, சாயங்காலம் ஜுரம் வந்துடும்."

"எந்தக் கூண்டு?"

"முப்பது ஜோடி இருக்கு சார்," என்றார் அவர். ஏழு மாதத்தில் முதல்முறையாக முகத்தில் ஒரு சந்தோஷம்.

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டேன். ஷூவின் ஒட்டுப் பட்டையை மெல்லப் பிரித்தால் வரும் சரசரப்பு. சிடி ஸ்கேன் மிச்சத்தைச் சொன்னது.

இது தொற்று இல்லை, ஒவ்வாமை வகை அழற்சி. புறா குளித்த தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு படலம் மிதக்குமே, அது சிறகிலிருந்து உதிரும் பொடி. அதிலும் காய்ந்த எச்சத்திலும் இருக்கும் புரதம் மூச்சோடு உள்ளே போய்ச் சிலருக்கு நுரையீரலைப் புண்ணாக்குகிறது. கூண்டில் நின்ற நாலு முதல் எட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் காய்ச்சல் வரும் என்பதால் யாரும் புறாவைச் சந்தேகிப்பதில்லை. காய்ச்சலே இல்லாமல் வருடக்கணக்கில் மெல்ல மூச்சு குறைந்துகொண்டே போவதும் உண்டு, அதுதான் மோசம். 1965-லேயே அமெரிக்க மருத்துவர்கள் புறா வளர்ப்பவர்களிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்ற நோய்க்குடும்பத்தில் இது ஒரு வகை. நுரையீரல் திசு நோய் வந்த 1,084 பேரை இந்தியாவின் 19 நகரங்களில் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டபோது, கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இந்தக் குடும்பத்து நோய்தான். பறவைகள் ஒரு காரணம், ஏர்கூலர் இன்னொன்று.

புகைக்காதவன் தப்பித்தேன் என்று நினைக்க வேண்டாம். விநோதமாக, புகைப்பவர்களிடம்தான் இது குறைவாகத் தெரிகிறது. (அதற்காக யாரும் பற்றவைத்துவிடாதீர்கள்.)

நோய் வராதவர்கள் கூண்டைக் காய்ந்தபடியே சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு வழிக்கலாம். மூக்கில் கர்ச்சீப் கட்டுவது வீண், முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் வேண்டும். கூண்டுக்கென்று ஒரு சட்டையை மாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கட்டிலில் உட்கார்ந்தால் பொடி வீட்டுக்குள் வந்துவிடும். படுக்கையறை ஜன்னலை ஒட்டிக் கூண்டு வைக்காதீர்கள். பால்கனியில் தானாக வந்து கூடு கட்டும் புறாவுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

நோய் வந்துவிட்டவர்களுக்கு இந்த யோசனை எதுவும் போதாது. புறாவை விட்டாக வேண்டும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். ஆனால் அதே காற்றைத் தினமும் இழுத்துக்கொண்டிருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அது திரும்பாது. இதைச் சொன்னபோது அவர் எழுந்து போய்விட்டார். மனைவிதான் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டார். நான் சொன்ன விதமும் சரியில்லை; பதினைந்து வயதிலிருந்து வளர்ப்பவரிடம் ஏதோ பழைய சோபாவைத் தூக்கிப்போடச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். புறாக்கள் மைத்துனர் வீட்டு மாடிக்குப் போய்விட்டன. இவர் மேலே ஏறுவதில்லை. எதிர்த் தெருவில் நாற்காலி போட்டு, மணி பார்த்து, எந்தப் புறா வானத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதுகிறாராம். இருமல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. என் நோயாளிப் படிவத்தில் 'தொழில்' என்பதற்குக் கீழே இப்போது ஒரு வரி பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: 'லீவு நாளில் என்ன செய்வீர்கள்?'