வரைபடத்தாள் முடிகிற இடத்தில் கோடு முடிவதில்லை

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்துபோன இடங்களில்தான் என் கண் நிற்கும். சரியான விடை பல நேரம் அங்கேதான் இருந்திருக்கும். அண்மையில் ஒரு மாணவி 2எக்ஸ் + 3ஒய் = 7, 4எக்ஸ் + 6ஒய் = 19 என்ற இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கப் போயிருக்கிறாள். முதல் சமன்பாட்டை 2ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் 0 = 5 என்று வரும். வந்திருக்கிறது. பதறிப்போய் அழித்திருக்கிறாள். மறுபடி போட்டிருக்கிறாள், மறுபடி 0 = 5. மூன்றாவது முறை எங்கோ ஒரு குறியை மாற்றி, இல்லாத வெட்டுப்புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்து எழுதிவிட்டாள்.

0 = 5 என்பது பிழை அல்ல, விடை. இரண்டு கோடுகளிலும் ஒருசேர இருக்கக்கூடிய புள்ளி எதுவுமே கிடையாது, அதாவது அவை இணைகோடுகள் என்று அந்த வரி சொல்கிறது. 19க்குப் பதில் 14 இருந்திருந்தால் 0 = 0 வந்திருக்கும். அப்போது இரண்டும் ஒரே கோடு, ஒவ்வொரு புள்ளியும் பொதுப்புள்ளி. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது கணக்குக்கு நாற்பதிலும் 'தீர்வு' கிடைக்கும்படி பயிற்சி கொடுத்துவிட்டு, நாற்பத்தொன்றாவதில் தீர்வு இல்லை என்று துணிந்து எழுது என்றால் எப்படி எழுதுவார்கள்?

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. படத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவது.

இரண்டு கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆதிப்புள்ளி (0, 0) வழியாக 2.01 சாய்வில், அதாவது ஓர் அலகு வலப்பக்கம் போனால் 2.01 அலகு மேலே என்ற கணக்கில், ஏறுகிறது. மற்றொன்று செங்குத்து அச்சை 1இல் வெட்டி 2 சாய்வில் ஏறுகிறது. தொடக்கத்தில் உயர வித்தியாசம் 1. பத்து அலகு வலப்பக்கம் போனால் 0.9. இவற்றுக்கு இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 0.11 பாகைதான், பெட்டியில் இருக்கும் கோணமானியில் 1 பாகைக்குக் கீழே பிரிவே இல்லை. வகுப்பே சேர்ந்து 'இணைகோடுகள்' என்று குரல் கொடுக்கும். ஆனால் ஓர் அலகு நகர்ந்தால் இடைவெளி 0.01 குறைகிறது. ஆக, நூறாவது அலகில் அது தீர்ந்துபோகும். (100, 201) என்ற புள்ளியில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அலகுக்கு 1 செ.மீ. என்றால் ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள தாள் வேண்டும். ஒரு முறை தாள்களை ஒட்டிச் சுவரில் வரைந்தே பார்த்தோம். அளவுகோலை நகர்த்தி நகர்த்தி வைத்ததில் கோடு விலகி, நூறுக்கு வெகு முன்பே சந்தித்துத் தொலைத்தது! அதுவும் ஒரு பாடம்தான்.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு: கோடுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்கக் கூடாது. 'சந்திக்காத கோடுகள்' என்று சுருக்கி மனப்பாடம் செய்கிறபோது இரண்டுமே உதிர்ந்துவிடுகின்றன. அறையின் கூரை விளிம்பு ஒன்றையும், அதற்குக் குறுக்குத் திசையில் ஓடும் தரை விளிம்பு ஒன்றையும் பாருங்கள். எவ்வளவு நீட்டினாலும் சந்திக்க மாட்டா. ஆனாலும் இணை அல்ல, ஏனெனில் அவை ஒரே தளத்தில் இல்லை.

வளைகோடுகள் வந்துவிட்டால் கண் இன்னும் மோசமாக ஏமாறும். ஆதிப்புள்ளியை மையமாக வைத்து 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். (7, 0), (0, 7) என்ற புள்ளிகளை இணைத்து ஒரு கோடு போடுங்கள். தொடுகோடு என்று சத்தியமே செய்வீர்கள். கணக்குப் போட்டால் அது (3, 4), (4, 3) என்று இரண்டு இடங்களில் வட்டத்தை வெட்டுகிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 1.4 செ.மீ. இருந்தும் ஏன் தெரியவில்லை? அந்த இடைவெளியில் வில்லும் கோடும் அதிகபட்சமாக விலகுவதே அரை மில்லிமீட்டர்தான். பென்சில் முனையின் தடிமன் அதை விழுங்கிவிடுகிறது. மையத்திலிருந்து கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தைக் கண்டுபிடித்தால் சண்டையே இல்லை: 7ஐ √2ஆல் வகுத்தால் 4.95. ஆரத்தைவிடக் குறைவு, எனவே வெட்டுகிறது. சரியாக 5 என்றால் தொடும். கூடினால் தொடாமல் போய்விடும். அச்சுகளில் 7க்குப் பதிலாக 8ஐ எடுத்தால் தூரம் 5.66, கோடு வட்டத்தின் பக்கமே வராது.

சந்திக்காத வளைகோடுகள் எல்லாம் 'இணை' என்று நினைப்பதும் அடிக்கடி பார்க்கிற தவறு. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கத்தை உயரமாகக் குறித்தால் பரவளையம் வரும். அதை அப்படியே 1 அலகு மேலே தூக்கி இன்னொன்று வரையலாம். இரண்டும் ஒருபோதும் வெட்டா. ஆனால் எண் 5 வரும் இடத்தில் வளைவு கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பிவிடுவதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ள மிகக் குறைந்த தூரம் சுமார் 0.1 ஆகச் சுருங்கிவிடுகிறது. பொதுமைய வட்டங்களில் அப்படி இல்லை, இடைவெளி எங்கும் மாறாமல் இருக்கும்.

'இணைகோடுகள் முடிவிலியில் சந்திக்கும்' என்ற வாக்கியத்தைப் பள்ளி வகுப்பில் சொல்லாமல் இருப்பதே நல்லது. அது வேறொரு வடிவியலில், ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட பிறகு மெய்யாகிற கூற்று.

அந்த மாணவியை அழைத்து, அதே இரண்டு கோடுகளையும் வரையச் சொன்னேன். செங்குத்து அச்சை ஒன்று 7/3இலும் மற்றது 19/6இலும் வெட்டின. கழித்துப் பார்க்கச் சொன்னேன். 5/6 என்று எழுதினாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அழித்த அந்த 5 இதுதானா?" என்று கேட்டாள்.