ஓலைக்கட்டைப் பிரிக்கும் முன்

நெல்லைச் சீமையில் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதோ அரங்குவீட்டை ஒழிக்கும்போதோ இன்றைக்கும் ஓலைக்கட்டு அகப்படுகிறது. வைத்தியம் பார்த்த தாத்தா வைத்திருந்ததாக இருக்கும். அல்லது ஜாதகம் கணித்தவர், கிராமக் கணக்கு எழுதிய கர்ணம், திண்ணையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அண்ணாவி. பார்த்ததும் கை துறுதுறுக்கும். கயிற்றை அவிழ்த்து, ஏடுகளைத் தரையில் பரப்பி, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, நீளம் பார்த்து அடுக்கிவைக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூச்சி நூறு வருஷத்தில் செய்யாத சேதத்தை அந்த அரைமணி நேரம் செய்துவிடும்.

ஒரு கட்டில் இருப்பது ஏட்டில் எழுதிய எழுத்து மட்டும் இல்லை. எந்த ஏட்டுக்குப் பின் எந்த ஏடு, எந்தக் கட்டோடு எந்தக் கட்டு, யார் வீட்டில் எதற்காக இருந்தது என்பதும் சேர்ந்துதான் அந்த ஆவணம். எழுத்து ஓலையில் பதிந்திருக்கிறது. மற்றதெல்லாம் எங்கும் எழுதப்படவில்லை. பொருள்கள் கிடக்கும் கிடையில்தான் இருக்கிறது. கலைத்துவிட்டால் போயிற்று. சுவடிக் காப்பும் ஆவணக் காப்பும் படிக்கப் போகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தக் கிடையைக் காப்பாற்றத்தான். மருந்தும் எண்ணெயும் அப்புறம்.

ஓலை எப்படி இத்தனை காலம் தாங்குகிறது என்று பார்ப்போம். நம் பக்கத்து ஏடுகளில் பெரும்பாலானவை பனையோலை. உடன்குடி, திருச்செந்தூர்த் தேரிக்காட்டில் நிற்கிற அதே பனைதான். குருத்தும் இல்லாமல் முற்றியதும் இல்லாமல் நடுப்பருவத்து ஓலையாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து, மறுபடியும் உலர்த்தி, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்ப்பார்கள். வேகவைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சை ஓலையில் உள்ள சர்க்கரையும் மற்றக் கரையும் பொருள்களும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் தீனி. கொதிநீர் அவற்றை வெளியே இழுத்துவிடுகிறது; ஓலைக்குள் இருக்கும் முட்டைகளும் அழிகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் செல்லுலோஸ் நாரும், அதை இறுக்கிப் பிடிக்கிற லிக்னினும்.

ஓலையின் இரு பக்கமும் மெழுகுப் பூச்சுள்ள மெல்லிய தோல். எழுத்தாணி அந்தத் தோலைக் கீறுகிறது. வெறும் கீறல் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால், வழுவழுப்பான தோலில் ஒட்டாத கரி கீறலுக்குள் மட்டும் தங்கிவிடுகிறது. இதற்கு மையாடல் என்று பெயர். கரி என்பது கார்பன். வெளிச்சத்தில் வெளிறாது, காற்றோடு கலந்து மாறாது. அப்படியே உதிர்ந்துபோனாலும் கீறல் இருக்கிறது. மறுபடி மை தடவினால் எழுத்து எழுந்து நிற்கும். மை தடவாமலே படிக்கவும் வழி உண்டு. விளக்கைத் தலைக்கு மேலே பிடிக்காமல் ஓலைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையத் தரைமட்டத்தில் வையுங்கள். ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து தெரியும். போட்டோ எடுக்கும்போதும் இதே முறைதான்.

ஓலையில் எழுதியவர்கள் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். குறில் ஒகரத்துக்கும் நெடில் ஓகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘கொல’ என்று இருந்தால் கொல், கோல், கோல மூன்றில் எது என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தான் சொல்ல வேண்டும். அந்த முன்பின் இரண்டு ஏடு தள்ளிக்கூட இருக்கலாம். ஏடு இடம் மாறிவிட்டால் எழுத்தே இருந்தும் வாசகம் போய்விடுகிறது.

ஏட்டெண் இருக்குமே, அதை வைத்து அடுக்கிவிடலாமே என்று கேட்கலாம். பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும், சரி. ஆனால் முதலில் நொறுங்குவதே அந்த ஓரம்தான். போதாததற்கு ஒரே கட்டில் இரண்டு மூன்று நூல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ௧ என்றே தொடங்கும். பிரித்துக் கலந்த பிறகு எது எதன் மூன்றாம் ஏடு என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. அப்போது கைகொடுப்பது பூச்சிதான். ஏட்டுப்பூச்சியின் புழு ஒரு ஏட்டோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த ஏடுகளைத் துளைத்துக்கொண்டே போகும். துளைகள் எந்த வரிசையில் ஒன்றுக்கு நேராக ஒன்று வருகின்றனவோ அதுவே பழைய வரிசை. மழைநீர் இறங்கிய கறையும் அப்படித்தான். கறையின் ஓரக்கோடு ஏட்டுக்கு ஏடு சிறிது சிறிதாகச் சுருங்கும். இதனால்தான் உளுத்த ஏட்டைக்கூட ஓரம் வெட்டிச் சீராக்கக் கூடாது என்கிறார்கள். துளையும் கறையும்கூடச் சாட்சிகள்.

கடைசி ஏட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரதி செய்து முடித்தவர் நாளும் பெயரும் எழுதுவது அங்கேதான். நம் சீமையில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு: மலையாளத்தை ஒட்டிய நிலம் என்பதால் கொல்லம் ஆண்டு இங்கே தாராளமாகப் புழங்கியது. ‘விசுவாவசு வருஷம் ஆனி மாதம்’ என்று மட்டும் இருந்தால், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பி வரும். 1785, 1845, 1905 எதுவாகவும் இருக்கலாம். கூடவே கொல்லம் ௲௨௰ என்று இருந்தால், அதாவது 1020 என்றால், குழப்பமே இல்லை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதன் பின் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனி என்பதால் 1845. அந்த ஆண்டு விசுவாவசுவேதான். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இந்த ஒரு ஏடு தவறிப்போனால் கட்டு முழுவதற்கும் காலம் தெரியாமல் போகும்.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிடுவதற்கு முன் ஏடு தேடி நெல்லைப் பக்கம் வந்தார். திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில் சுவடிகள் வைக்கப்பட்டிருந்த முறையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்: புழுதி இல்லை, பூச்சி இல்லை, ஏடுகள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. இன்றைய காப்பகப் பாடம் அத்தனையும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கரிவலம்வந்தநல்லூரில் அவர் கேட்டது வேறு கதை. அரசரும் புலவருமான வரதுங்கராம பாண்டியரின் சுவடிகள் கோயிலில் இருந்ததாக அறிந்து போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. புதிதாகப் பிரதி செய்துவிட்டுப் பழையதை அப்படி மரியாதையோடு கழிப்பது ஒரு வழக்கமாக இருந்திருக்கலாம். பிரதி செய்கிறவர்கள் இல்லாமல் போன பிறகு கழிப்பது மட்டும் மிஞ்சிவிட்டது. படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிற இடம் அது.

ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தாலும், ஒரு கட்டிலிருந்து ஓர் அரசு அலுவலகம் முழுவதற்கும் போனாலும் விதி அதேதான். நூலகத்தில் புத்தகத்தைப் பொருள்வாரியாக அடுக்குகிறோம். காப்பகத்தில் அது கூடாது. 1841இல் பிரான்சின் உள்துறை அமைச்சகம் தன் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: ஓர் அலுவலகத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த காகிதங்களை ஒரே தொகுதியாக வையுங்கள், மற்றவற்றோடு கலக்காதீர்கள். 1898இல் நெதர்லாந்துக் காப்பாளர்கள் மூவர் எழுதிய கையேடு அடுத்த படிக்குப் போனது: அந்தத் தொகுதிக்குள்ளும், உண்டாக்கியவர் வைத்திருந்த வரிசையை மாற்றாதீர்கள். உலகமெங்கும் காப்பகங்கள் இன்று நிற்பது இந்த இரண்டின் மேல்தான்.

இதனால் நமக்கென்ன என்றால், நம் மாவட்ட வரலாற்றையே பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை திருநெல்வேலி மாவட்டம். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின. 1890இல் சாத்தூரில் ஒரு கண்மாய் உடைந்ததைப் பற்றிய கடிதம் இன்று எங்கே இருக்கும்? ஊர் இன்று எந்த மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. அந்த ஆண்டில் அதை எழுதிய அலுவலகம் எது என்று கேட்க வேண்டும். திருநெல்வேலிக் கலெக்டர் கச்சேரி. அப்படியானால் அதன் பழைய தொகுதிகள் இருக்கும் சென்னை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், திருநெல்வேலி வரிசையில், அதற்குரிய பசலியில் பார்க்க வேண்டும். பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்காண்டு, ஜூலையில் தொடங்குவது. 1890 ஜூலையில் பிறந்தது பசலி 1300. பழைய செங்கோட்டைக்காரருக்கு அரசுக் காகிதம் வேண்டுமென்றால் வழி திருவனந்தபுரத்துக்குப் போகிறது. யாராவது ஆர்வத்தில் ‘கண்மாய்’ என்று ஒரு பெட்டி போட்டு எல்லா மாவட்டக் கடிதங்களையும் அதில் கொட்டியிருந்தால், இந்த வழி எதுவும் செல்லாது.

அந்தக் காகிதங்களுக்கு ஓலைக்கு இல்லாத வியாதிகள் உண்டு. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்த மையில் அமிலமும் இரும்பும் இருப்பதால் எழுத்தே காகிதத்தை அரித்து, வரிவரியாகச் சல்லடையாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பரவியது. அதைச் செய்யும்போது படிகாரம் சேர்த்ததால் அமிலம் உள்ளேயே தங்கி, செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக்குகிறது. மடித்த இடத்தில் ஒடிகிறது. 1800களின் தொடக்கத்துக் கந்தல்துணிக் காகிதம் 1940களின் காகிதத்தைவிட நன்றாக இருப்பதன் காரணம் இதுதான். ஒடிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில வருஷத்தில் அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய ஜப்பானியக் காகிதமும் மாவுப்பசையும் போட்டால், வேண்டும்போது தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். செய்த எதையும் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பது காப்பாளர்களின் கண்டிப்பான விதி.

ஓலையோ காகிதமோ, நம் ஊரில் பெரிய எதிரி ஈரம் ஏறி இறங்குவது. சித்திரையில் காய்ந்து சுருங்கும். ஐப்பசி அடைமழையிலும் தென்காசிப் பக்கத்துச் சாரலிலும் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஓலை நீளவாட்டில் அவ்வளவாக விரியாது, அகலவாட்டில் விரியும். அதனால் முறுக்கிக்கொள்கிறது, தோல் பிரிகிறது, கயிறு உராயும் துளை கிழிகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஏட்டைவிடச் சற்றுப் பெரிய மரச்சட்டங்கள் இரண்டை மேலும் கீழும் வைத்து, பருத்தித் துணி சுற்றி, நெருக்கமாக, ஆனால் இறுக்காமல் கட்டிய பழைய முறை இதற்கு நல்ல விடை. உள்ளே காற்று சட்டென்று மாறாது. ஓலைக்கு முறுக்க இடமும் இல்லை. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்புப் பொட்டலம் புதுப்பூச்சி வராமல் தடுக்க உதவும். உள்ளே ஏற்கெனவே துளைக்கிற புழுவை அது கொல்லாது. அதற்குக் காப்பகங்களில் கட்டைக் காற்றுப்புகாத உறையில் இட்டு, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு சுமார் மூன்று வாரம் மூடிவைக்கிறார்கள்.

கெட்டியாகிப்போன ஓலையை நெகிழச் செய்யப் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) தடவுவது பரவலாக இருக்கிறது. பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டுத் தடவினால் பலன் உண்டு. ஊற்றினால் தூசிதான் ஒட்டும். தேங்காயெண்ணெய் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வெயிலிலும் காயப்போடாதீர்கள், புறஊதாக் கதிர் லிக்னினைச் சிதைத்து ஓலையை அப்பளமாக்கிவிடும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிளேடு விட்டுப் பிரிக்காமல் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் கட்டு கிடைத்த அன்றைக்கு என்ன செய்வது? எடுப்பதற்கு முன், கிடந்த இடத்திலேயே போட்டோ. பெட்டிக்குள் கூட என்ன இருந்ததென்று ஒரு தாளில் குறிப்பு: தராசு, மருந்துக்கல், பழைய பத்திரம், எதுவானாலும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது யாருடையது, எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஏட்டின் மேல் பேனாவோ ஸ்டிக்கரோ படக் கூடாது. துண்டுச்சீட்டில் கட்டு எண் எழுதி நூலில் தொங்கவிட்டால் போதும். ஸ்கேன் செய்யத் தெரிந்தவர் வந்து ஏடுகளைப் புரட்டும்போது வெற்றேட்டையும் விடாமல் இரு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் கட்டு எண், ஏட்டின் இட எண், பக்கம் மூன்றும் இருக்கட்டும். இட எண் என்பது கட்டில் மேலிருந்து எத்தனையாவது என்பது. ஓலையில் உள்ள எண்ணைத் தனியாகக் குறிக்க வேண்டும். எடுத்தவற்றை மூன்று பிரதியாக, குறைந்தது ஒன்று வேறு ஊரில் இருக்கும்படி வையுங்கள்.

மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை ஆகிய இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் பத்துக் கட்டு இருந்தால் பத்தையும் ஒரே இடத்துக்குக் கொடுங்கள். நல்லதாக நான்கை மட்டும் பொறுக்கிக் கொடுக்க வேண்டாம். அந்தக் குறிப்புத்தாளின் ஒரு நகலையும் கட்டோடு சேர்த்துக் கொடுத்து, குறிப்பும் கட்டும் வந்து சேர்ந்ததாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.