குதிரை முரண்டு பிடித்தால் முதலில் உடம்பைப் பாருங்கள்

குதிரைகளைத் தாங்களே வளர்த்து, பழக்கி, போட்டிக்கும் கொண்டுபோகிற குடும்பங்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் நொண்டலுக்கோ வயிற்றுவலிக்கோதான். கிளம்பும் நேரத்தில் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொல்வார்கள். "கொஞ்ச நாளா முரண்டு பிடிக்குது டாக்டர். தடைகிட்ட போனதும் நின்னுடுது. சேணம் போடப் போனா கடிக்க வருது." இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நேற்றுவரை சொன்னபடி செய்த குதிரை இன்று மறுக்கிறது என்றால், வலி இல்லை என்று உறுதியாகும்வரை வலி இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

குதிரை பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்து வந்த இனம். பலவீனத்தை வெளியே காட்டினால் பிழைக்க முடியாது என்ற நிலையில் வளர்ந்தது. அதனால் முடிந்தவரை வலியை மறைக்கும். ஆள் ஏறிய பிறகு அது வேறு வழிகளில் கசியும். சூ டைசன் என்ற குதிரை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2018இல் இதற்காக 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். காதுகள் பின்னால் மடங்கியே இருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலையை உதறுவது, வாலை விசிறுவது, கண்ணில் வெள்ளை தெரிவது, குளம்பு அடிக்கடி தடுக்குவது என்று போகிறது அது. ஒன்றிரண்டு எந்த நல்ல குதிரையிடமும் இருக்கும். ஒரே சவாரியில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், எலும்பிலோ தசையிலோ மூட்டிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

குடும்பமாக நடத்தும் லாயத்தில் குதிரைக்கு அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் அதே கண்கள்தான் பார்க்கின்றன. மெதுவாக வரும் மாற்றம் அந்தக் கண்களுக்குத் தெரிவதில்லை. தோள் எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சதை வற்றிக் குழி விழுந்த ஒரு பெண்குதிரையைப் பார்த்தேன். நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தது, திடீரென்று மறுக்க ஆரம்பித்தது என்றார்கள். கடிவாளத்தை இன்னும் கடுமையானதாக மாற்றியிருந்தார்கள், வாய் திறக்காதபடி மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப் பட்டையை இறுக்கியிருந்தார்கள். சேணம், அதற்கு முன்பு அந்த வீட்டில் இருந்த குதிரையுடையது. அண்ணன் செருப்பைத் தம்பிக்கு மாட்டிவிட்டு ஓடச் சொன்னது போலத்தான். குழி விழுந்த இடத்தை விரலால் அழுத்தியதும் முதுகைத் தாழ்த்தி விலகியது. அதற்குப் பொருந்தும் சேணம் வந்து, முதுகுக்கு ஓய்வும் கொடுத்த பிறகு, பழைய மென்மையான கடிவாளத்திலேயே தாண்டியது.

குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும். வயது, பயிற்சி, பருவம் எல்லாம் அதன் வடிவத்தை மாற்றும். ஒருமுறை பொருந்திய சேணம் எப்போதும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

ஏறுகிறவரும் மாறுகிறார். இதைச் சொல்லும்போது பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். குழந்தை வளர்கிறது, குட்டைக் குதிரை வளர்வதில்லை. சவாரிக் குதிரைகளை வைத்துச் செய்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தபோது பெரிய சிரமம் தெரியவில்லை. 25, 30 சதவீதம் ஆனபோது இதயத் துடிப்பு கூடியது, தசை வலியும் தெரிந்தது. 200 கிலோ குட்டைக் குதிரை என்றால் ஆள், சேணம் எல்லாம் சேர்த்து 40 கிலோதான். கோப்பை வாங்கிக் கொடுத்த குதிரையிலிருந்து பிள்ளையை இறக்குவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தைக் குதிரையின் முதுகில் ஏற்றிவிடக் கூடாது.

மூக்குப் பட்டைக்கு ஒரு எளிய அளவு உண்டு. மூக்கெலும்பின் மேல், நடுவில், பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். கன்னத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே சதை மெத்தென்று இருக்கும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் இதற்கென்று தனி அளவுகோலையே கொண்டுவந்துவிட்டது. அழகுக்காக மீசை முடியை மழிக்கும் பழக்கத்தையும் அதே அமைப்பு 2021இலேயே தடை செய்தது. கண்ணுக்கு நேர் கீழே, மூக்கு நுனியில் என்ன இருக்கிறது என்பது குதிரைக்குத் தெரியாது. அந்த முடிதான் தொட்டுச் சொல்கிறது.

அப்புறம் வயிறு. போட்டி நெருங்கும்போது, வயிறு தொங்கித் தெரியக் கூடாது என்று புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுகிறார்கள். இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போதுதான் வரும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சவ்வுப் பாதுகாப்பு இல்லை. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் அமிலம் மேலேறி அங்கே படும், புண்ணாகும். வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவது, தானியத்தைப் பாதியில் விடுவது, முடி மினுமினுப்பு இழப்பது எல்லாம் இதனாலும் வரலாம். நாள் முழுக்க நார்த்தீவனம் இருக்கட்டும். சவாரிக்குச் சற்று முன்பும் கொஞ்சம் உலர்புல் மெல்லட்டும்.

"அந்த ஒரு நாளுக்கு மட்டும் வலி மருந்து கொடுக்கலாமா?" என்றும் கேட்பார்கள். கூடாது. பெரும்பாலான போட்டிகளில் அது விதிமீறல். வலி மறைந்த காலில் குதிரை முழு பாரத்தையும் போடும், காயம் பெரிதாகும். வயிற்றுப் புண் இருந்தால் அதுவும் மோசமாகும். பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க உழைத்த பிள்ளை அழும். பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தைச் சொல்லுங்கள். குதிரையின் முதுகில் எங்கே வலிக்கிறது என்று பிள்ளையையே தன் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பெரியவர்களைவிடப் பிள்ளைகளே சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நிற்க வைத்துப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். சவாரியையும் சில நிமிடம் பதிவு செய்யுங்கள். மருத்துவர் வரும்போது அந்தப் பதிவுகளோடு, வழக்கமாக ஏறுகிறவரும் வழக்கமான சேணமும் கடிவாளமும் தயாராக இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும்போது சுத்தமாக ஓடுகிற எத்தனையோ குதிரைகள், ஆள் ஏறிய பிறகுதான் வலியைக் காட்டுகின்றன.