கிரானைட்டுக்குள் ஒரு கான்கிரீட் எலும்புக்கூடு

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெர்சி ஆற்றங்கரையில் நிற்கிறது ராயல் லைவர் கட்டடம். இரட்டைக் கோபுரம், ராட்சதக் கடிகாரங்கள், உச்சியில் செம்புப் பறவைகள். பார்க்கிற யாரும் கல் கட்டடம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெளியே தெரியும் கிரானைட் வெறும் போர்வை. சுமார் 98 மீட்டர் உயரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட். 1908இல் அடிக்கல் நாட்டி 1911இல் திறந்தார்கள். இந்த உயரத்துக்குக் கான்கிரீட்டை நம்பியது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்.

கட்டியது ஒரு காப்பீட்டுச் சங்கம். தொழிலாளர் குடும்பங்கள் வாராவாரம் சில்லறை கட்டி, வீட்டில் சாவு விழுந்தால் அடக்கச் செலவுக்குப் பணம் பெறும் ஏற்பாடாக 1850இல் தொடங்கியது. பிறகு ஆயிரக்கணக்கான ஊழியர்களோடு வளர்ந்து, தனக்கென இந்தத் தலைமையகத்தைக் கட்டிக்கொண்டது. கட்டடக் கலைஞர் வால்டர் ஆப்ரி தாமஸ். இடமோ, மூடப்பட்ட பழைய கப்பல் துறை.

கல்லையோ செங்கல்லையோ அடுக்கி இவ்வளவு உயரம் போனால் என்ன ஆகும்? சிகாகோவில் 1891இல் 16 மாடி மொனாட்நாக் கட்டடத்தைச் செங்கல் சுவர் மேலேயே நிறுத்தினார்கள். அடியில் சுவரின் தடிமன் மட்டும் 1.8 மீட்டர்! கீழ்த்தளத்தில் இடத்தையும் வெளிச்சத்தையும் சுவரே விழுங்கிவிடும்.

தாமஸ் தேர்ந்தெடுத்தது பிரான்சின் ஃபிரான்சுவா எனபிக் 1892இல் காப்புரிமை பெற்ற முறை. கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு பீமின் மேல் சுமை ஏறினால் அது லேசாக வளைகிறது. மேல்பாதி நெருக்கப்படுகிறது, அடிப்பாதி இழுபடுகிறது. அதனால் அடியில் கம்பி போட வேண்டும். ஆனால் அது போதாது. தூணை ஒட்டிய பகுதியில் விரிசல் சாய்வாக ஓடும். எனபிக் சில கம்பிகளை அந்த இடத்தில் மேல்நோக்கி வளைத்தார், குறுக்கே இரும்புப் பட்டைகளையும் கொடுத்தார். இன்று கம்பி கட்டுகிறவர்கள் போடும் கிராங்க்கும் ரிங்கும் செய்வது இதே வேலைதான்.

இதைவிட முக்கியம், தூண், பீம், தளம் எல்லாம் பிரியாத ஒரே உடலாக இறுகிவிடுவது. ஆற்றுக் காற்று கோபுரத்தைத் தள்ளும்போது அந்த விசை ஒரு மூலையில் தேங்காமல் சட்டகம் முழுக்கப் பரவுகிறது.

சரி, இரும்பும் கான்கிரீட்டும் ஏன் பிரிந்துபோவதில்லை? இரண்டும் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிகின்றன: ஒரு டிகிரிக்குத் தம் நீளத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு விரியும். அதைப் புதைத்திருந்தால் கோடைக்கும் குளிருக்கும் பிடி தளர்ந்திருக்கும். தவிர, கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. கடல் உப்பு உள்ளே புகுந்தால் அந்தப் படலம் அழியும். கடல் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரில் கிரானைட் போர்வை அழகுக்கு மட்டுமல்ல என்பது என் எண்ணம்.

கடிகாரங்களிலும் இதே அளவு யோசனை இருக்கிறது. முகப்பின் விட்டம் 7.6 மீட்டர், லண்டன் பிக் பென் கடிகாரத்தைவிடப் பெரியது. முள் இவ்வளவு நீளமாக இருந்தால் காற்று அதைத் தள்ளும், பிடித்து இழுக்கும். முள்ளும் ஊசலும் நேராக இணைந்திருந்தால் நேரமே கெட்டுவிடும். லெஸ்டர் நகரின் ஜென்ட் நிறுவனம் இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. நேரம் கணக்கிடுவது பாதுகாப்பான இடத்தில் இருக்கும் தலைமைக் கடிகாரம். முள்ளைத் தள்ளுவது மின்சாரத்தால் இயங்கும் தனிப் பொறி. அது அரை நிமிடத்துக்கான தூரத்தைச் சற்று முன்னதாகவே கடந்து நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின் துடிப்பு வந்த பிறகே அடுத்த அடி. காற்று பலமாக இருந்தால் முள் மெதுவாகப் போகும், காத்திருக்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். 1911 ஜூன் 22 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய வேளையில் இவற்றை ஓடவிட்டார்கள்.