அட்டர்னி ஜெனரல்: ‘ஜெனரல் பவர்’ வாங்கியவர்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் இந்தச் சொல்லின் பாதிப் பொருள் விளங்கிவிடும். “ஜெனரல் பவரா, ஸ்பெஷல் பவரா?” என்று பத்திரம் எழுதுபவர் கேட்பார். ஒரு மனையை விற்க மட்டும் அதிகாரம் கொடுத்தால் ஸ்பெஷல். என் காரியம் எல்லாவற்றையும் எனக்காகப் பார்த்துக்கொள் என்று கொடுத்தால் ஜெனரல். நாம் ‘பவர்’ என்று சுருக்கிச் சொல்லும் அந்தப் பத்திரத்தின் முழுப் பெயர் பவர் ஆஃப் அட்டர்னி. அந்த அட்டர்னியும் அந்த ஜெனரலும் சேர்ந்ததுதான் அட்டர்னி ஜெனரல்.

அட்டர்னி என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘திருப்பிவிடு, ஒப்படை’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ஒரு காரியம் யார் பக்கம் திருப்பிவிடப்பட்டதோ அவர் அட்டர்னி. வழக்கறிஞர் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொருவருக்குப் பதிலாக நிற்பவர் என்பதே மூலம். ஜெனரல் இங்கே பெயரடை. பிரெஞ்சு வழக்கப்படி பெயருக்குப் பின்னால் நிற்கிறது. அதனால்தான் பன்மையில் ‘அட்டர்னிஸ் ஜெனரல்’ என்கிறார்கள். படைத்தளபதி என்ற பொருள் இதில் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இலங்கையில் சட்டமா அதிபர், மலேசியாவில் சட்டத்துறைத் தலைவர். இந்தியாவில் அரசியலமைப்பின் 76ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் நியமிப்பவரை அட்டர்னி ஜெனரல் என்றே எழுதுகிறோம், அல்லது தலைமை வழக்கறிஞர் என்கிறோம். மாநிலத்தில் 165ஆவது பிரிவுப்படி ஆளுநர் நியமிப்பவர் அட்வகேட் ஜெனரல். அவரை அரசு தலைமை வழக்கறிஞர் என்கிறோம்.

அமெரிக்க மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல் பற்றிய செய்தியை மொழிபெயர்க்கும்போது அந்தக் கடைசிப் பெயரைத்தான் பலரும் எடுத்துப் போடுகிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. நம் அரசு தலைமை வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் மாநில அரசு. ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறுவார். அங்கோ 50 மாநிலங்களில் 43இல் இந்தப் பதவிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள். பவர் எழுதிக்கொடுப்பது ஆளுநர் அல்ல, வாக்காளர்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மிசிசிப்பியில் பார்க்கலாம். அங்கே 1988 முதல் 2004 வரை அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் மைக் மூர். 1994 மே மாதம், தன் சொந்த ஊரான பாஸ்ககூலாவின் நீதிமன்றத்தில், பெரிய சிகரெட் நிறுவனங்கள் மீது மாநிலத்தின் பெயரால் வழக்குப் போட்டார். அதுவரை புகைத்து நோயுற்றவர்கள் தொடுத்த வழக்குகளில் நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பித்துவந்த பதில் ஒன்றுதான்: “தெரிந்துதானே புகைத்தீர்கள்?” மூர் அந்தப் பதிலுக்கே இடம் வைக்கவில்லை. மாநிலம் ஒருநாளும் சிகரெட் பிடித்ததில்லை. ஆனால் மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில், புகையால் நோயுற்றவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை அது கட்டியிருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்பதே வழக்கு.

அப்புறம் நடந்ததுதான் நம் சொல்லுக்கு முக்கியம். மாநில ஆளுநர் கிர்க் ஃபோர்டைஸ், வழக்கை நிறுத்தச் சொல்லி மிசிசிப்பி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அமெரிக்க ஆளுநர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர் என்பதை நினைவில் வையுங்கள். மெடிக்கெய்ட் தன் நிர்வாகத்தில் இருப்பது, அதன் பெயரால் வழக்காட மூருக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம். 1997இல் நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் நிறுவனங்கள் மிசிசிப்பியுடன் சமரசத்துக்கு வந்தன. 25 ஆண்டுகளில் 330 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டன. மூரைப் பார்த்து மற்ற மாநில அட்டர்னி ஜெனரல்களும் கிளம்பியிருந்தார்கள். 1998 நவம்பரில் 46 மாநிலங்களுடன் ஒரே ஒப்பந்தம் கையெழுத்தானது: 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர். சிகரெட் விளம்பரப் பலகைகள் இறங்கின, விளம்பரங்களில் கார்ட்டூன் உருவங்களுக்குத் தடை வந்தது.

இப்போது இந்தக் கதையில் மூரை ‘அரசு தலைமை வழக்கறிஞர்’ என்று எழுதிப் பாருங்கள். அரசின் வக்கீலை நிறுத்தச் சொல்லி அரசின் தலைவரே ஏன் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும்? கூப்பிட்டு “வேண்டாம்” என்றால் முடிந்ததே! கதையின் உயிரை அந்த ஒரு சொல் எடுத்துவிடுகிறது.

சட்டமா அதிபர் அழகான சொல். அங்கே இன்ஸ்பெக்டர் ஜெனரலைச் சொல்லும் பொலிஸ் மா அதிபர் போல, ஜெனரலுக்கு ‘மா’ என்று ஓரெழுத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இலங்கை வாசகருக்கு எழுதினால் நான் அதையே போடுவேன். தமிழ்நாட்டு வாசகருக்கு ‘மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி’ என்று எழுதலாம். அந்தப் பெயர் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்று சேர்த்துவிடுங்கள். ஆனால் அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்திலும் ஆளுநரே நியமிக்கிறார். மெயினில் சட்டமன்றமும் டென்னஸியில் மாநில உச்ச நீதிமன்றமும் தேர்ந்தெடுக்கின்றன. அந்த ஏழுக்கும் இந்த அடைமொழி பொருந்தாது. தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரலுக்கும் பொருந்தாது. அவர் அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் தரும் அமைச்சரவை உறுப்பினர், நீதித் துறையின் தலைவர்.