இரண்டு பக்கமும் தரகு

மேலப்பாளையம் சந்தைக்குத் தாத்தாவோடு போனபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. தரகர் தோள் துண்டை விரித்து, அதற்கடியில் விரலைத் தொட்டு விலை பேசத் தாத்தாவின் விரல்களைப் பிடித்தார். விலைக்கு முன்னால் அவர் சொன்னது மாட்டின் குறையை. "அண்ணாச்சி, பின்னங்கால் உதைக்கும். மறைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க." தாத்தா கிட்டே போனார், உதைத்தது. அதன்பிறகு 'வேளைக்கு ஆறு லிட்டர்' என்று அவர் சொன்னதைக் கறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பக்கத்துக்கு உளவு சொல்வதுபோல் நடித்து மறுபக்கத்துக்கு வேலை பார்க்கும் போர்க்கால இரட்டை உளவாளியின் தொழில்நுட்பமும் இதுதான். பொய் சொல்லத் தெரிந்தால் போதாது. செலவில்லாத உண்மையை முதலில் நிறையக் கொடுக்க வேண்டும்.

ஸ்பெயின்காரர் ஹுவான் புஜோல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு உளவு சொல்வதாக ஒப்புக்கொண்டார். லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலாக் கையேட்டையும் ரயில் கால அட்டவணையையும் வைத்து லண்டனிலிருந்து எழுதுவதுபோல் எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். ஒயின் குடிக்கும் ஊரே அல்ல அது. திருநெல்வேலிக்காரன் ஒரு தட்டு குஜராத்தி டோக்ளாவுக்கு உயிரைக் கொடுப்பான் என்பதுபோல! ஜெர்மானியர்கள் அதையும் நம்பினார்கள். 1942-ல் பிரிட்டனின் உளவு எதிர்ப்புத் துறையான எம்.ஐ.5 அவரை லண்டனுக்கே வரவழைத்தது. 'கார்போ' என்று பெயரிட்டது.

அந்த நவம்பரில் பிரிட்டனும் அமெரிக்காவும் அடங்கிய நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. கப்பல்கள் புறப்பட்ட சேதியை கார்போ சரியாகவே எழுதினார். கடிதத்தில் அஞ்சல் முத்திரை முந்தைய தேதி. கைக்குக் கிடைத்ததோ படை இறங்கிய பிறகு. உண்மை, ஆனால் உபயோகமில்லாத உண்மை. ஜெர்மானியர்கள் தபாலைத்தான் நொந்துகொண்டார்கள், கார்போவை அல்ல.

சந்தையில் இன்னொரு வேலையும் நடக்கும். நாலு பேர் தனித்தனியாக வந்து அதே மாட்டுக்கு விலை கேட்பார்கள். நாலு பேரும் ஒரே ஆள் நிறுத்தியவர்கள். கார்போவுக்குக் கீழே 27 உளவாளிகள் இருந்ததாக ஜெர்மனி நம்பியது. ஒருவர்கூட உயிரோடு கிடையாது, எல்லாம் கற்பனை. பல வாய் சொல்கிறது என்றால் மனம் தானாகக் கூட்டிக்கொள்ளும். அவை ஒரே வாய்தானா என்று சரிபார்ப்பது கடினம். லிவர்பூல் 'ஆள்' ஒருவர் கப்பல் படையைப் பார்த்துவிடக்கூடிய இடத்தில் இருந்தாரே, ஏன் சொல்லவில்லை என்ற சிக்கல் வந்தது. அவரை நோயில் படுக்க வைத்துச் சாகடித்தார்கள். பத்திரிகையில் மரண அறிவிப்பும் வந்தது. இல்லாத விதவைக்கு ஜெர்மனி உதவித்தொகை கொடுத்தது!

இவ்வளவுக்கும் பொய் எடுபடுகிறதா என்று தெரிந்தால்தானே அடுத்த பொய்யைச் சொல்ல முடியும்? அங்கேதான் பிரிட்டனின் சங்கேதம் உடைக்கும் நிலையமான பிளெட்ச்லி பார்க் வருகிறது. ஜெர்மன் உளவுத்துறையின் ரகசியத் தந்திகளை அங்கே உடைத்துப் படித்தார்கள். எதிராளியின் துண்டுக்கடியில் எந்த விரல் தொடப்படுகிறது என்று இங்கிருந்தே தெரியும். என் கணிப்பில், கார்போவின் சாமர்த்தியத்தைவிடப் பெரிய ஆயுதம் இதுதான்.

1944 ஜூன் 6 அதிகாலை, பிரான்சின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படை இறங்குவதற்குச் சற்று முன்பு, கார்போ எச்சரிக்கை அனுப்ப அனுமதி கிடைத்தது. மாட்ரிட்டில் இருந்த ஜெர்மன் உளவு நிலையத்தில் வானொலியைக் கேட்க ஆளில்லை. விடிந்த பிறகுதான் சேதி போய்ச் சேர்ந்தது. கார்போ கோபத்தோடு கண்டித்து எழுதினார். தவறு அவர்கள் பக்கம் என்பதால் அவருடைய மதிப்பு இன்னும் உயர்ந்தது.

ஜூன் 9-ல் தான் பெரிய பொய். நார்மண்டி வெறும் திசைதிருப்பல், உண்மையான தாக்குதல் பிரான்சின் கலே கரையில்தான் என்றார். இங்கிலாந்திலிருந்து கடல் மிகக் குறுகலாக இருப்பது அங்கேதான். ஜெர்மன் படைத்தலைமை ஏற்கெனவே அதைத்தான் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காததை நம்பவைப்பது மலையைப் புரட்டுவது. எதிர்பார்ப்பதை உறுதிப்படுத்துவது சரிவில் சக்கரத்தை உருட்டிவிடுவது. ஜெர்மனியின் பதினைந்தாவது சேனை கலே பக்கம் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது.

1944-ல் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டன் எம்.பி.இ. விருது கொடுத்தது. எங்கள் மாட்டைக் கறந்து பார்த்தால் மூன்று லிட்டர். அடுத்த செவ்வாய்க்கிழமையும் தாத்தா அந்தத் தரகரிடம்தான் போனார்.